பாரம் குறைந்தால் போதுமா?

ஹாம் ரேடியோ என்று உலகெங்கும் வழங்கும் அமெச்சூர் வானொலித் துறையில் ஈடுபட்டவர்கள், வீட்டு அறையை விட்டுக் கிளம்பி, மலை உச்சியிலோ கடற்கரையிலோ வெள்ளம் சூழ்ந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலோ தற்காலிகமாக ஒரு நிலையத்தை நிறுவ வேண்டும் என்று ஆலோசிக்கும்போது, எந்த டிரான்சீவரை எடுத்துச் செல்வது, ஆன்டெனாவை எந்த மரத்தில் எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பவற்றை மணிக்கணக்காக விவாதித்துத் தீர்த்த பின்னர், புறப்படும் தறுவாயில்தான் இவற்றுக்கெல்லாம் உயிரூட்டும் பவர் சப்ளையைப் பற்றி நினைக்கிறார்கள். அப்போதும் அவர்கள் கடைக்காரரிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்: எத்தனை ஆம்பியர் கொடுக்கும்? எத்தனை கிலோ கனக்கும்?

இவ்விரண்டும் அவசியமான கேள்விகளே. ஆனால் இவற்றோடு நிறுத்திக்கொள்கிறவர், லேசாகவும் மலிவாகவும் ஏராளமான ஆம்பியர்களை வாக்களிப்பதாகவும் இருக்கும் ஒரு பெட்டியை மகிழ்ச்சியோடு வாங்கிச் சென்று, அது சொன்ன ஆம்பியரை எவ்வளவு நேரம் கொடுக்கும், அந்த ஆம்பியர் ஓடும்போது வானொலியின் முனையில் எத்தனை வோல்ட் மிஞ்சும், அது தன்னைச் சுற்றியுள்ள ஆகாயத்தில் எவ்வளவு இரைச்சலைக் கொட்டும் என்ற மூன்று கேள்விகளின் விடைகளையும் பின்னர் சொந்தச் செலவில் கற்றுக்கொள்ள நேரிடுகிறது. இந்தத் துறை வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்தால் அந்தச் செலவு அவரவர் பாடு என்று விட்டுவிடலாம். மத்திய அரசாங்கம் பரீட்சை வைத்து, லைசென்சும் அழைப்புக் குறியும் கொடுத்து, கூலி எதுவும் பெறாமல் பேசிக்கொள்ள அனுமதித்திருக்கும் இந்த மனிதர்களைப் புயலும் சுனாமியும் வரும் வேளையில் பொதுஜனங்களும் அதிகாரிகளும் தேடிப் போகிறார்கள் என்பதால், அவர்கள் பையில் என்ன பவர் சப்ளை இருக்கிறது என்பது ஓரளவு ஊர் விஷயமும் ஆகிறது.

முதலில் அந்த வானொலியின் பசியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று பரவலாக உபயோகிக்கப்படும் 100 வாட் சிற்றலை டிரான்சீவர் ஒவ்வொன்றும் 13.8 வோல்ட் நேர் மின்சாரத்தில் இயங்குகிறது. மோட்டார் காரில் பொருத்திக்கொள்ளத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டிலிருந்து வந்த எண் இது. ஓடும் காரில் ஆல்டர்னேட்டர் ஈய பேட்டரியை ஏறத்தாழ அந்த அளவில்தான் வைத்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஆம்பியரளவில் திருப்தியடையும் அதே சாதனம், பேசத் தொடங்கியதும் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. ஐகாம் ஐசி-7300 என்ற பிரசித்தமான சாதனத்துக்கு அதன் உற்பத்தியாளர் குறிப்பிட்டிருக்கும் உச்ச அளவு 21 ஆம்பியர், 1.9 கிலோ மட்டுமே எடையுள்ள யேசு எப்டி-891-க்கு 23 ஆம்பியர். 13.8-ஐ 21-ஆல் பெருக்கினால் 290 வாட் வருகிறது. அதில் 100 வாட் ஆன்டெனாவுக்குச் செல்ல, மீதி வெறும் வெப்பமாகக் காற்றில் கலந்துவிடுகிறது. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டைப் பொறுத்தவரை இது ஒரு சாதாரண மிக்சியின் பசிதான். ஆனால் குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்பியரைத் தடுமாறாமல் கொடுப்பது என்பது, அதே வாட்டை அதிக வோல்ட்டில் கொடுப்பதைவிடப் பல மடங்கு கடினமான காரியம்.

பல பத்தாண்டுகளாக அந்தக் காரியத்தைச் செய்து வந்தது இரும்பு டிரான்ஸ்பார்மர் பொருந்திய பழைய முறைப் பவர் சப்ளை. பெரிய டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க, டயோடுகள் அதை ஒருமுகப்படுத்த, பால் டம்ளர் பருமனுள்ள மின்தேக்கிகள் அதன் அலைவை அடக்க, கடைசியில் வரிசையாக நிறுத்திய 2என்3055 போன்ற டிரான்சிஸ்டர்கள் மிகுதி வோல்ட்டைத் தாங்கள் விழுங்கிக்கொண்டு 13.8-ஐ மட்டும் வெளியே விடும் அந்த ஏற்பாட்டில், ஒளித்துவைக்க எதுவுமில்லை; பழுதுபட்டால் ஒரு பள்ளி மாணவன்கூடக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவின் ஆஸ்ட்ரான் ஆர்எஸ்-35ஏ அந்த வம்சத்தின் உத்தமமான பிரதிநிதி. இடைவிடாமல் 25 ஆம்பியரும், விட்டு விட்டு 35 ஆம்பியரும் தரும்; இரைச்சல் என்பதே அதற்குத் தெரியாது. ஆனால் அதன் எடை 12 கிலோ. முன்னே சொன்ன 1.9 கிலோ வானொலிக்குச் சோறு போட அதைப்போல் ஆறு மடங்கு எடையுள்ள பெட்டியை மலைமேல் சுமந்து செல்வதென்றால், அதற்கு ஒரு கூலியாளை அமர்த்த வேண்டும். அவருடைய பிரயாணச் செலவில் இன்னொரு பவர் சப்ளையே வாங்கிவிடலாம்.

இந்தக் கனத்துக்குக் காரணம் தயாரிப்பாளரின் கஞ்சத்தனமோ தாராளமோ அன்று, இயற்கையின் கணக்கு. நமக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை மட்டுமே முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஒவ்வொரு ஊசலிலும் டிரான்ஸ்பார்மரின் இரும்பு ஒரு தவணைச் சக்தியை வாங்கிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தவணைகள் அரிதாக வரும்போது ஒவ்வொரு தவணையும் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய தவணைக்குப் பெரிய இரும்பு வேண்டும். தவணையின் எண்ணிக்கையை விநாடிக்கு 50-லிருந்து 50,000 ஆக்கிவிட்டால், கையில் அடங்கும் ஒரு ஃபெரைட் துண்டே அந்த வேலையைச் செய்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். என்று ரேடியோக் கடைகளில் வழங்கும் புதுமுறைப் பவர் சப்ளையின் ரகசியம் முழுவதும் இதுதான்: வந்த மின்சாரத்தை முதலில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்சாரமாக்கி, அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை நறுக்கி, சின்னஞ்சிறு டிரான்ஸ்பார்மர் வழியே அனுப்பி, மறுபடி நேராக்கிவிடுகிறது. ஜப்பானிய நிறுவனமான அலின்கோவின் டிஎம்-330எம்வி 30 ஆம்பியர் வரை கொடுத்தும் 2 கிலோதான். தொழிற்சாலைகளிலும் விளம்பரப் பலகைகளிலும் பொருத்துவதற்கென்று தயாரிக்கப்படும் மீன்வெல் எல்ஆர்எஸ்-350-12 என்ற தகடு போன்ற பெட்டியின் எடை முக்கால் கிலோ.

ஆகவே, எடுத்துச் செல்லும் நிலையத்துக்கு எஸ்.எம்.பி.எஸ். தவிர வேறெதையும் சிபாரிசு செய்வது இன்று வீண் பிடிவாதம் என்பதே என் அபிப்பிராயம். பழைய இரும்புப் பெட்டியின் பேரில் பக்தி வைத்திருக்கும் மூத்த ஹாம்களுக்கு இது உவப்பாக இராது; அவர்கள் பக்தியில் நியாயம் இருக்கிறது, அதை வீட்டு மேஜையோடு வைத்துக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அதிகம் பேசப்படாத இன்னொரு குணமும் உண்டு. பழைய முறைப் பெட்டியில் டிரான்சிஸ்டர் ஒன்று குறுக்கே உருகி ஒட்டிக்கொண்டால், 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தடையின்றி வானொலிக்குள் பாய்ந்து அதைச் சாம்பலாக்கிவிடக்கூடும். அதைத் தடுக்கத் தனியாக ஒரு காவல் சுற்று வேண்டும். புதுமுறைப் பெட்டி பழுதாகும்போது பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறது, வானொலி பிழைத்துக்கொள்கிறது.

இனி அந்த மூன்று கேள்விகளில் முதலாவதற்கு வருவோம். பெட்டியின் மேல் 30 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதற்கு என்ன அர்த்தம்? சில உற்பத்தியாளர்கள் இடைவிடாத அளவையும் க்ஷண நேர உச்ச அளவையும் தனித்தனியே குறிப்பிடுகிறார்கள். சிலர் உச்சத்தைப் பெரிய எழுத்திலும் மற்றதைப் பின்பக்கத்துச் சிறிய எழுத்திலும் போடுகிறார்கள். பெயர் தெரியாத பெட்டிகளில் இருப்பது எந்த அளவு என்பது அச்சடித்தவருக்கே வெளிச்சம். எஸ்.எஸ்.பி. முறையில் மனிதக் குரலில் பேசுகிறவருக்கு இந்தப் பேதம் பெரிதாகத் தோன்றாது. ஏனெனில் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி உண்டு, உச்சம் க்ஷண நேரமே நிற்கும், சராசரி இழுப்பு அதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். ஆனால் பௌதிகத்தில் 1993-இல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும், ஸ்டீவ் ஃபிராங்கே என்பவரும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட எப்.டி.8 என்ற முறை இன்று சிற்றலை வரிசைகளில் எங்கும் பரவியிருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் 15 விநாடித் தவணை ஒன்றில், ஏறத்தாழ 12.6 விநாடி வரை, சற்றும் இடைவெளியின்றி முழு வலிமையில் ஒலியை அனுப்புகிறது, அடுத்த 15 விநாடி காது கொடுக்கிறது, மறுபடி அனுப்புகிறது. மே மாதத்து மத்தியானத்தில், தகரக் கூரையின் கீழ், விசிறித் துவாரத்தில் மண் அடைத்த நிலையில், இப்படி ஒரு மணி நேரம் வேலை வாங்கினால் அந்த 30 ஆம்பியர் வாக்குறுதியின் உண்மை வெளிப்பட்டுவிடும்.

வாங்கும்போது இடைவிடாத அளவைக் கேட்டறிந்து, அதுவே வானொலியின் உச்ச இழுப்பைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். 100 வாட் சாதனத்துக்கு இடைவிடாத 25 ஆம்பியர் தாராளம். இதற்கு மேல் 40, 50 ஆம்பியர் என்று தேடிப் போவது, எடையையும் விலையையும் கூட்டிக்கொள்வதே தவிர வேறில்லை. வானொலி தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்ளும். ஆம்பியர்க் கணக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்னே சொன்ன மீன்வெல் பெட்டி 29 ஆம்பியர் தருவது 12 வோல்ட்டில். அதன் பக்கத்திலுள்ள சிறு திருகைத் திருப்பி 13.8-க்கு உயர்த்தும்போது, அதன் மொத்தச் சக்தியான 350 வாட் உயருவதில்லையாதலால், 25 ஆம்பியருக்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. திருகே இல்லாத பெட்டிகளை நான் தொடமாட்டேன். பழைய கம்ப்யூட்டர் சர்வர்களிலிருந்து கழற்றி மிக மலிவாக விற்கப்படும் பெட்டிகள் அப்பழுக்கற்ற உழைப்பாளிகள்தாம். ஆனால் அவை 12 வோல்ட்டைச் சற்றே தாண்டி நின்றுவிடுகின்றன, அதற்கு மேல் உயர்த்த உள்ளே கை வைக்க வேண்டும், உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. அனுபவமில்லாதவர் அந்தச் சாகசத்தில் இறங்க வேண்டாம்.

12 வோல்ட் ஏன் போதாது என்பது இரண்டாவது கேள்வியோடு சம்பந்தப்பட்டது. 13.8-க்குக் கீழே 15 சதவீதம் வரை வானொலி பொறுத்துக்கொள்ளும் என்று உற்பத்தியாளர் சொல்கிறார், அதாவது 11.7 வோல்ட். பெட்டிக்கும் வானொலிக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாகையால் கம்பியின் நீளம் 6 மீட்டர். வீட்டு ஒயரிங்குக்கு உபயோகிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை எடுத்துப் பூட்டினால், 21 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே ஒன்றரை வோல்ட் மறைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டரானால் 0.9 வோல்ட், 6 சதுர மில்லிமீட்டரானால் 0.4 வோல்ட். 12.3 வோல்ட் கொடுக்கும் ஒரு சர்வர்ப் பெட்டியும் மெல்லிய கம்பியும் சேர்ந்துகொண்டால், பேசத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் வானொலி மயங்கி மயங்கி விழிக்கும், குரல் கரகரக்கும், எதிர்முனையில் கேட்பவர் மைக்ரோபோனைக் குறை சொல்வார். எடையைக் குறைக்க வேண்டும் என்ற ஆவலில் கம்பியின் பருமனைக் குறைப்பவர்கள் 200 கிராமுக்காக ஒரு வோல்ட்டை விற்றுவிடுகிறார்கள். கம்பியை நீளத்தில் குறைப்பதே விவேகம்: பெட்டியை வானொலியின் அருகில் வைத்து, 230 வோல்ட் வரும் வயரை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு 20 ஆம்பியரில் கொதிக்கும். ஹாம்களிடையே உலகப் பொதுவாகிவிட்ட ஆண்டர்சன் பவர்போல் என்ற சிவப்புக் கறுப்பு இணைப்பிகள், யாருடைய பேட்டரியையும் யாருடைய வானொலியோடும் தலைகீழாகாமல் பூட்ட உதவுவதால், பலர் கூடி வேலை செய்யும் அவசர காலத்தில் அவற்றின் அருமை தெரியும்.

மூன்றாவது கேள்வியான இரைச்சலே இவை எல்லாவற்றிலும் முக்கியமானது என்றும், நாம் மிகவும் அலட்சியம் செய்வது என்றும் நான் கருதுகிறேன். மின்சாரத்தை விநாடிக்கு 60,000 தடவை நறுக்கும் ஒரு சாதனம், 60 கிலோஹெர்ட்ஸில் மட்டும் தன் வேலையை வைத்துக்கொள்வதில்லை. நறுக்கும் விளிம்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு தூரம் அதன் மடங்குகள் மேலே மேலே ஏறி, 120, 180, 240 என்று சிற்றலை வரிசை முழுவதிலும் 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக ஒரு ஊளைச் சத்தத்தை நட்டுவைத்துக்கொண்டே போகின்றன. வானொலியில் 7 மெகாஹெர்ட்ஸ் வரிசையைத் திருப்பிக்கொண்டு போனால், குறித்த இடைவெளியில் ஒரு பரபரப்பு எழும்பி அடங்குவதைக் கேட்கலாம். அதிக ஆம்பியர் இழுத்தால் அது இடம் மாறும். தொலைதூரத்திலிருந்து ஒருவர் 5 வாட் பேட்டரிச் சாதனத்தில் உதவி கேட்டு அழைத்தால், அவருடைய குரல் அந்தப் பரபரப்பின் அடியில் புதைந்துபோகும். நமக்குப் புதைந்த விஷயமே தெரியாது. கேட்க முடியாதவனுக்கு 100 வாட்டில் பேசும் வல்லமை எதற்கு?

இந்த இரைச்சலைப் பெட்டிக்குள்ளேயே அடக்கிவிட முடியும். அதற்கான உபாயம் புதியதும் அன்று. மின்சாரம் நுழையும் வாயிலில் ஒரு ஃபெரைட் சுருளும் சில மின்தேக்கிகளும், வெளியேறும் வாயிலில் அவ்வாறே ஒரு ஜோடியும், சுற்றிலும் ஓர் உலோகக் கூடும் இருந்தால் போதும். நல்ல பெட்டிகளில் இவை இருக்கின்றன. அலின்கோ ஒரு படி மேலே போய், நறுக்கும் வேகத்தைச் சற்றே நகர்த்த முன்புறத்தில் ஒரு திருகு வைத்திருக்கிறது. நாம் கேட்கும் இடத்தில் ஊளை விழுந்தால் அதை அப்பால் தள்ளிவிடலாம். மலிவுப் பெட்டிகளின் உள்ளே பார்த்தால் பரிதாபம்: அச்சுப் பலகையில் அந்தச் சுருளுக்கென்று இடம் விடப்பட்டிருக்கும், அதற்குரிய எழுத்தும் அச்சாகியிருக்கும், சுருள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் கம்பி குறுக்கே பற்றவைக்கப்பட்டிருக்கும். வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, விற்றவர் சில ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார். பெட்டியின் எடை குறைந்ததில் அந்தச் சுருளின் பங்கும் உண்டு.

ஹாம் அல்லாத வாசகருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. அவர் வீட்டு எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், மாடியிலுள்ள சூரிய மின் இன்வர்ட்டர் ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் இதே நறுக்கும் யந்திரத்தின் சிறு பதிப்பு ஒன்று இருக்கிறது. மத்திய அலையில் வானொலி கேட்கும் பெரியவர்கள், முன்னெல்லாம் தெளிவாகக் கேட்ட நிலையம் இப்போது இரைகிறதே என்று குறைப்படுவதற்கு நிலையத்தார் பெரும்பாலும் காரணமல்லர். ஆகாயம் எவருக்கும் பட்டா செய்யப்பட்ட சொத்தன்று. ஆற்றில் சாயக் கழிவை விடுகிறவனைத் தடுக்கச் சட்டம் இருப்பதுபோல் இதற்கும் கண்டிப்பு வேண்டும். நம் நாட்டில் அடாப்டர்கள்மேல் அச்சிடப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண், ஐ.எஸ். 13252 என்ற விதியின்படி, மின்சாரம் தாக்காமலும் தீப்பிடிக்காமலும் இருப்பதற்குச் சாட்சி, இரைச்சலின்மைக்குச் சாட்சியன்று. பதிவெண்ணைப் பார்த்துவிட்டால் எல்லாம் பார்த்ததாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. சர்வதேச அளவில் இரைச்சலுக்கு வரம்புகள் வகுக்கப்பட்டிருக்கின்றன; அவற்றை இங்கே விற்கும் ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் கட்டாயமாக்குவதால், பெட்டிக்குச் சில ரூபாய் விலை கூடும் என்பதற்கு மேல் எவருக்கும் நஷ்டமில்லை.

சட்டம் வரும்வரை வாங்குபவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள ஒரு சுலபமான சோதனை உண்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பெட்டி வாங்கப் போகிறவர், சட்டைப்பையில் அடங்கும் மத்திய அலை டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டுபோய், நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, பெட்டியை ஒரு கார் விளக்கை எரிய வைத்து ஓட்டச் சொல்லி, ஒரு முழம் தூரத்தில் பிடித்துப் பார்க்கட்டும். எஸ்.எம்.பி.எஸ். அருகில் கொஞ்சம் இரையத்தான் செய்யும். நான்கு முழம் நகர்ந்த பின்னும் அடங்காமல் அலறினால், அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், 31 என்று எண் குறிக்கப்பட்ட ரகத்து ஃபெரைட் வளையங்கள் இரண்டைத் தேடிப் பிடித்து, மின்சாரம் வரும் வயரை ஒன்றிலும் வெளியேறும் வயரை மற்றொன்றிலும் பத்துச் சுற்று சுற்றினால், நோய் முழுவதும் தீராவிட்டாலும் பெரிதும் தணியும்.

நம் ஊர்களின் மின்சாரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகைகளின் சிபாரிசுகளில் இது இராது. சில பெட்டிகளின் பக்கவாட்டில் 115, 230 என்று தள்ளுவதற்கு ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கும்போது நம் பிளக்கில் செருகினால் ஒரு சத்தமும் ஒரு வாடையும் எழும், அத்தோடு கதை முடிந்தது. சரியான இடத்தில் தள்ளி, மேலே டேப் ஒட்டிவிடுவது உத்தமம். இன்னொன்று, எர்த். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலிலுள்ள இரைச்சல் தடுப்பு மின்தேக்கிகள் அதன் உலோகக் கூட்டோடு இணைந்திருப்பதால், எர்த் இல்லாத பிளக்கில் செருகினால் அந்தக் கூடு, மின்சாரத்தில் பாதியளவான 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். ஓடும் மின்னோட்டம் மிகச் சொற்பமாகையால் உயிருக்கு அபாயமில்லை. ஆனால் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வானொலியைத் தொட்டவர் சுரீரென்று கையை உதறுவார், பக்கத்திலிருப்பவர்கள் இந்தச் சாதனமே ஆபத்தானது என்று தீர்மானித்துவிடுவார்கள். கிராமத்து மண்டபங்களில் மூன்றாவது துவாரம் பல இடங்களில் அலங்காரத்துக்காகவே இருக்கிறது. ஈர மண்ணில் ஒரு கம்பியை ஆழ அடித்துக் கூட்டோடு இணைத்துவிட்டால் உபத்திரவம் தீரும். அந்தக் கம்பிக்கும் சுத்தியலுக்கும் பையில் இடம் ஒதுக்க வேண்டும்.

இவ்வளவும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்போது. 2004 டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோவைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் குழுவினரோடு போர்ட் பிளேரில் ஒரு ஓட்டல் அறையில் நிலையம் அமைத்து, அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக எவரும் பேசாத குறையைத் தீர்த்துக்கொண்டிருந்தபோதுதான், 26-ஆம் தேதி காலை பூமி அதிர்ந்து கடல் பொங்கியது. தொலைபேசியும் மின்சாரமும் நின்றுபோன தீவிலிருந்து அவர்களுடைய வானொலி, உறவினர்களின் க்ஷேம சமாசாரத்தை இந்தியப் பெருநிலத்துக்குக் கொண்டுசேர்த்தது. அதே நாளில் இலங்கையின் தெற்கே ஹம்பாந்தோட்டை துண்டிக்கப்பட்டபோதும் அமெச்சூர்களே கொழும்போடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவில் லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் அறிவோம். அந்தக் கிராமங்களில் உலகத்திலேயே சிறந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஒரு தகரப் பெட்டிதான்.

ஆகையால் பவர் சப்ளையைத் தேர்ந்தெடுப்பதென்பது அதற்குத் துணையாக நிற்கும் பேட்டரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதே. கடைகளில் யு.பி.எஸ்.ஸுக்கென்று விற்கும் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை அநேகர் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்த 7 என்ற எண், 20 மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுக எடுத்தால் கிடைப்பது. 20 ஆம்பியரில் அது கால் மணி நேரம்கூடத் தாங்காது. எல்.எப்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இன்று இந்தச் சங்கடத்தைத் தீர்த்திருக்கிறது. 20 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. ஈயத்தில் அதே அளவு 6 கிலோ, அதிலும் பாதியைத்தான் தைரியமாக உபயோகிக்கலாம். அந்த ரசாயனத்தை டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 1990-களின் நடுவில் கண்டறிந்தது ஜான் குட்இனஃப் என்ற பேரறிஞரின் ஆய்வுக்கூடம். அதற்கு அடிப்படையான கூட்டு அயனிச் சேர்மங்களின் ஆராய்ச்சியை 1980-களில் அவரோடு சேர்ந்து செய்தவர் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவரும் மந்திரமே.

இந்த பேட்டரியை வாங்கும்போதும் ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை எத்தனை ஆம்பியரில் கதவை மூடும் என்று கேட்க வேண்டும். 20 ஆம்பியரில் மூடும் பலகை, வாக்கியத்தின் நடுவில் வானொலியை அணைத்துவிடும். 30 ஆம்பியர் தாங்குவது தேவை. விமானத்தில் செல்கிறவர்களுக்கு வேறொரு கணக்கு: 100 வாட்-மணி வரையுள்ள லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் கொண்டுபோகலாம், 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் பிரயாணிகளுக்கு அனுமதியில்லை. நம் 20 ஆம்பியர்-மணி பேட்டரி 256 வாட்-மணி ஆகையால் அது கப்பலிலோ லாரியிலோதான் போக வேண்டும். மலையேறிப் பேசுகிறவர்களுக்கென்று 2002-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட சோட்டா என்ற ஏற்பாட்டில், பெட்ரோல் ஜெனரேட்டரும் உச்சியில் நிரந்தரமாக உள்ள மின்சாரமும் கூடாது என்று விதியே இருக்கிறது. அவர்கள் நெடுநாளாகப் பேட்டரிக் கணக்கில் தேர்ந்தவர்கள்.

அவர்களிடமிருந்து மற்றவர்கள் கற்க வேண்டியது, 100 வாட்டின்பால் வைத்திருக்கும் மோகத்தைக் குறைப்பது. வலிமையைக் கால் பங்காக்கி 25 வாட்டில் பேசினால், எதிர்முனையில் கேட்பவரின் மீட்டரில் குறைவது 6 டெசிபெல், அதாவது ஒரே ஒரு எஸ் அலகு. பெரும்பாலான சமயங்களில் அவர் காதுக்கு அது தெரியவே தெரியாது. நம் பேட்டரிக்கோ இழுப்பு பாதியளவுக்கு இறங்கி, ஆயுள் அந்த அளவுக்கு நீளும். குரல் எட்டாத தருணம் வரும்போது 100-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

மாவட்டங்களிலும் தன்னார்வச் சங்கங்களிலும் பேரிடர்க் காலத்துக்காக நிலையங்கள் வாங்கும் பொறுப்புள்ளவர்கள், டெண்டர்ப் பத்திரத்தில் வானொலியின் லட்சணங்களைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் பவர் சப்ளைக்கு ஒரே வரியை ஒதுக்கும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். 13.8 வோல்ட்டில் இடைவிடாத 25 ஆம்பியர், 180 முதல் 260 வோல்ட் வரை எந்த மின்சாரத்திலும் அசையாமை, இரண்டு கிலோவுக்குள் எடை, வானொலி வரிசைகளில் இரைச்சலுக்கு உற்பத்தியாளரின் எழுத்து மூலமான உத்தரவாதம், 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, 30 ஆம்பியர் தாங்கும் காவல் பலகையோடு கூடிய எல்.எப்.பி. பேட்டரி என்று எழுதினால் ஒரு பத்தியில் அடங்கிவிடும். சரக்கு வந்து இறங்கியதும் பணம் கொடுப்பதற்கு முன்பாகவே, வானொலியை, ஆன்டெனாவுக்குப் பதிலாக அதன் சக்தியை வாங்கிக்கொள்ளும் ஒரு டம்மி லோடில் பூட்டி, எப்.டி.8 முறையில் முழு வலிமையோடு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வானொலியின் முனையில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். டம்மி லோடும் வோல்ட் மீட்டரும் அருகிலுள்ள எந்த ஹாமிடமும் இருக்கும். கேட்டால் அவரே கொண்டுவந்து உட்கார்ந்துகொள்வார்.